பக்கத்து மனை மணலும் நம் கடைச் சரக்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரிலும் சிதம்பரத்திலும் மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். அடி வரிசையில் உள்ள அரிசி, சர்க்கரை, பருப்பு மூட்டைகளை மேலே தூக்கி அடுக்க வேண்டும். அனுபவம் கற்றுக் கொடுத்த பாடம் இது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி மாவட்டமே தத்தளித்தது. 2020 டிசம்பரில் புரெவி புயலின்போது சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்து, நடராசர் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரப் பகுதிகள் மூழ்கின.

இவையெல்லாம் பெருவெள்ளங்கள். எந்தத் தெரு வடிகாலும் இவற்றைத் தாங்காது. ஆனால் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் மழைக்கே கடை வாசல்படி தாண்டித் தண்ணீர் வருகிறதே, அது யார் குற்றம்? ஆற்றின் மீது பழி போட முடியாது. பல இடங்களில் காரணம் கடைக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டிடம் எழும்பும் மனையும், அதன் வாசலில் கொட்டிக் கிடக்கும் மணலுமே அது. கட்டுமான இடத்திலிருந்து மழைநீர் வெளியேறுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, வணிகர்களாகிய நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

மணல் செய்யும் வேலை

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து சென்ட் மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 20,000 லிட்டர். புல் பூண்டு இருக்கும் மனையில் ஒரு பகுதி தரையில் இறங்கும். கடைக்கால் தோண்டி மண்ணைப் புரட்டிப் போட்ட மனையில், ஓடும் தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும்.

வாசலில் மூன்று யூனிட் மணல் இறக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் 100 கனஅடி; ஆக 300 கனஅடி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கனஅடி மழையில் கரைந்து வடிகாலில் விழுகிறது. வடிகால் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால், இந்த 30 கனஅடி மணல் நாற்பது அடி நீளத்துக்கு அரை அடி உயரம் படிந்துவிடும். நாற்பது அடி என்பது மூன்று அல்லது நான்கு கடைகளின் முகப்பு. அந்த நீளம் முழுவதும் வடிகாலின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மணலுக்குச் சொந்தக்காரருக்கு இதில் நஷ்டம் சிறிதுதான். அந்த நான்கு கடைக்காரர்களுக்கு ஆகும் நஷ்டம் எவ்வளவு என்பதை நம் உறுப்பினர்களே அறிவார்கள்.

மணல் சமமாகவும் படியாது. தண்ணீரின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே தங்கும். வளைவுகள், சிறு பாலங்கள், கடை வாசலில் போட்ட சிலாப்புக்கு அடியில் உள்ள பகுதி ஆகியவையே அதற்குப் பிடித்த இடங்கள். சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீர் இன்னும் மோசம். மணலை மண்வெட்டியால் அள்ளிவிடலாம். இறுகிய சிமெண்டை உளி வைத்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் இரண்டு ஊர்களும் கடலுக்கு அருகில், தட்டையான நிலத்தில் இருப்பவை. சிதம்பரத்தின் தண்ணீர் கான்சாகிப் வாய்க்கால், பாலமான் வாய்க்கால் போன்றவற்றின் வழியாக மெதுவாகத்தான் வடிய வேண்டும். கடலூரில் கெடிலமும் மற்ற ஆறுகளும் நிரம்பி ஓடும் நாளில் தெருத் தண்ணீர் ஆற்றில் இறங்கவே தயங்கும். சரிவு குறைந்த ஊரில் அரை அடி மணல் என்பது சிறிய தடை ஆகாது.

அமெரிக்காவில் என்ன ஏற்பாடு?

இதே தொல்லையை அமெரிக்காவில் ஓர் அனுமதிச் சீட்டின் மூலம் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். அங்கே 1972 இல் வந்த தூய நீர்ச் சட்டம் முதலில் தொழிற்சாலை, நகராட்சிக் கழிவுகளின் மீதே கவனம் வைத்தது. 1987 இல் சட்டத்தைத் திருத்தி மழைநீரையும் சேர்த்தார்கள். 1990 விதிகளின்படி ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட கட்டுமான இடங்களுக்கு மழைநீர் வெளியேற்ற அனுமதி கட்டாயமாயிற்று. 1999 விதிகள் அந்த வரம்பை ஒரு ஏக்கருக்கு இறக்கின. 2003 முதல் அது நடைமுறையில் உள்ளது. பெரிய மனைப்பிரிவின் ஒரு பகுதியாக இருந்தால் ஒரு ஏக்கருக்குக் குறைந்த மனைக்கும் அனுமதி வேண்டும்.

அனுமதி வாங்குபவர் மண் அள்ளுவதற்கு முன்பே ஒரு திட்டம் எழுதி வைக்க வேண்டும். மண் எங்கே குவிக்கப்படும், எதைக் கொண்டு தடுக்கப்படும், லாரி சக்கரத்துச் சேறு தெருவுக்கு வராமல் இருக்க நுழைவாயிலில் ஜல்லி எங்கே போடப்படும், கலவை கழுவும் குழி எங்கே என்றெல்லாம் அதில் இருக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை இடத்தைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். அல்லது பதினான்கு நாளுக்கு ஒருமுறையும், கால் அங்குல மழை பெய்த ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விதியின் சாரம் ஒன்றுதான்: உன் மனையின் மண் உன் மனையிலேயே இருக்கட்டும்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் கட்டுமான மழைநீருக்கென்று இப்படித் தனி அனுமதிச் சீட்டு கிடையாது. 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,15,000 சதுர அடி அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிடத் திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். மழைநீர் வடிகால், மண் அரிப்பு ஆகியவை அங்கே ஆராயப்படும். அத்தகைய பெரிய திட்டங்கள் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவும் பெற வேண்டும். நம் கடைத் தெருக்களில் எழும்பும் கட்டிடங்களில் எத்தனை இரண்டு லட்சம் சதுர அடியைத் தொடும்? கல்யாண மண்டபமும் வணிக வளாகமும்கூடப் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வராது.

சிறு வீடுகளுக்கு நடைமுறை மேலும் எளிதாகிவிட்டது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி பெறலாம். கட்டுவோருக்கு அலைச்சல் மிச்சம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மணல் எங்கே கொட்டப்படும் என்று முன்கூட்டி வந்து பார்க்க அங்கே ஆள் இல்லை. ஆகவே அக்கம்பக்கத்தார் கண்தான் மேற்பார்வை.

தனி அனுமதி இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அளவு வரம்பு இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தும் விதிகள் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தெருவில் கட்டுமானப் பொருள் குவிக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்பது நகராட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள விதி.

2. பொது வழியில் தடை ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 285 ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 283 ஆம் பிரிவாக இருந்தது.

3. பொது இடம், பாதை, ஆறு, வாய்க்கால் ஆகியவற்றில் உள்ள தடையையும் தொல்லையையும் அகற்றும்படி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவு இது; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவு.

4. 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 24 ஆம் பிரிவு, மாசுப்படுத்தும் பொருளைத் தெரிந்தே நீரோடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ விடுவதைத் தடை செய்கிறது.

ரத்லம் ஊரார் வென்ற வழக்கு

மூன்றாவதாகச் சொன்ன பிரிவின் வலிமையை அறிய மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரத்து வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு சாலையில் குடியிருந்தவர்கள், திறந்த சாக்கடையாலும் நாற்றத்தாலும் அவதிப்பட்டு, கோட்ட நடுவரிடம் 133 ஆம் பிரிவின் கீழ் முறையிட்டார்கள். வடிகால் வசதி செய்து கொடுக்கும்படி நடுவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். நகராட்சி மேலே மேலே போய் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது. பணம் இல்லை என்பது அதன் முக்கியமான வாதம். 1980 இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தைத் தள்ளியது. நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் சட்டபூர்வக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றாயிற்று.

அந்த ஊரார் பெரிய மனிதர்கள் அல்லர். சேர்ந்து நின்றார்கள், எழுத்தில் கொடுத்தார்கள். சங்கமாக இருக்கும் நம்மால் அது முடியாதா?

மனுக் கொடுக்கும் முறை

முதலில் கட்டிடக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நாளை அவரும் அங்கே கடை வைக்கப் போகிறவராக இருக்கலாம். பாதிப் பிரச்சினை ஒரு டீயோடு தீர்ந்துவிடும். மேஸ்திரியிடம் மட்டும் சொல்லி விட்டுவிடாமல் உரிமையாளரையே பாருங்கள்.

தீராவிட்டால் உள்ளாட்சி ஆணையரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். கடலூர் 2021 முதல் மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி. மனுவில் தெருப் பெயர், கதவு எண், எந்தத் தேதி முதல் மணல் கிடக்கிறது, வடிகால் எத்தனை அடி நீளம் அடைபட்டுள்ளது என்பன இருக்கட்டும். தேதி தெரியும் புகைப்படங்களை இணையுங்கள். என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: மணலை அகற்றுவது, வடிகாலைத் தூர் வாருவது, மனைக்குள் தடுப்பு அமைப்பது. ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

பலன் இல்லையேல் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் 152 ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனுச் செய்யலாம். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். இதையெல்லாம் ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். மழை பிடித்த பின் வடிகாலில் இறங்கி வேலை செய்ய ஆளும் கிடைக்காது, பலனும் இராது.

நாம் கட்டும்போது

கிடங்கோ கடையோ வீடோ கட்டும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

அ) மணலை மனைக்குள்ளேயே இறக்குங்கள். இடம் போதாவிட்டால் மூன்று யூனிட்டாக இறக்காமல் ஒவ்வொரு யூனிட்டாக வாங்குங்கள்.

ஆ) குவியலைச் சுற்றி இரண்டு வரிசை செங்கல் அல்லது மணல் நிரப்பிய சாக்குகளை வையுங்கள். இரவில் தார்ப்பாய் போடுங்கள்.

இ) கலவைச் சட்டி, இயந்திரம் கழுவும் தண்ணீருக்கு மனைக்குள் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் உறிஞ்சிய பின் காய்ந்த சிமெண்டை அள்ளிவிடலாம்.

ஈ) கடைக்கால் தோண்டும் வேலையைக் கூடுமானவரை அக்டோபருக்கு முன்பே முடியுங்கள்.

உ) தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக உள்ள மழைநீர்ச் சேகரிப்பை உண்மையாகவே அமையுங்கள். தரையில் இறங்கும் தண்ணீர் தெருவுக்கு வராது.

இரும்பு, சிமெண்ட், மணல் வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வடிகால் ஓரத்தில் லாரியைக் கவிழ்க்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினாலே போதும்.

நம் பக்கத்துக் குறைகளும் உண்டு. வடிகால் மேல் நிரந்தரமாகக் கட்டிய படிகள், தூக்க முடியாத சிலாப், சாக்கடையில் தள்ளும் சாக்கும் பிளாஸ்டிக் பையும், இவை எல்லாம் மணலைப் பிடித்து வைக்கும் வலைகள். சிலாப்பைத் தூக்கும்படியாக அமைத்தால் தூர் வாருவோர் நம் வாசலைத் தாண்டிப் போகமாட்டார்கள். பிறர் மீது மனுக் கொடுக்குமுன் நம் வாசலைச் சரிசெய்வதே முறை.

சரக்கு நனைந்தால்

சாக்கடைத் தண்ணீரில் நனைந்த உணவுப் பொருளைக் காயவைத்து விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு, மனசாட்சிப்படியும் தவறு. அதோடு நஷ்டம் முடியாது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 17(5) பிரிவின்படி, அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், வரியும் போகும்.

காப்பீடு இருந்தால் ஆறுதல். 2021 ஏப்ரல் முதல் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் பாலிசி, ஐந்து கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள சிறு தொழில், வணிக நிறுவனங்களுக்கானது. வெள்ளமும் அதில் அடங்கும். உங்கள் பாலிசியில் வெள்ளம் சேர்ந்துள்ளதா, சரக்கின் மதிப்பு சரியாகக் காட்டப்பட்டுள்ளதா என்று இன்றே பாருங்கள். இருப்புப் பதிவேட்டையும் கொள்முதல் பில்களையும் உயரத்தில் வையுங்கள்.

அரை அடி மணலை அள்ள இரண்டு ஆளின் அரை நாள் கூலி போதும். அள்ளாமல் விட்டால் பத்து மூட்டை அரிசி போகும். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு உறுப்பினர்கள் புரட்டாசி மாதத்தில் ஒரு காலைப் பொழுது நடந்து, எந்த மனையில் வேலை நடக்கிறது, எங்கே மணல் கிடக்கிறது, எந்த வடிகால் அடைந்துள்ளது என்று எழுதி வரட்டும். அந்தப் பட்டியலோடு சங்கத்தின் சார்பில் ஒரே மனுவாகக் கொடுத்தால், தனித்தனியாகக் கேட்பதைவிட நிச்சயம் செவி சாய்ப்பார்கள்.