சத்யஜித் ரேயின் அத்தை

‘பதேர் பாஞ்சாலி’ பார்த்தவர்களுக்கு அந்தக் கூன் விழுந்த கிழ அத்தையை மறக்க முடியாது. வீட்டுச் சிறுமி துர்கா திருட்டுத்தனமாகக் கொண்டுவரும் பழத்துக்காகக் காத்திருப்பாள். வீட்டுக்காரி சீறினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்; பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் திரும்பி வருவாள்.

படத்தை எடுத்த சத்யஜித் ரேயின் சொந்த வாழ்க்கையிலும் ஓர் அத்தை உண்டு. அவர் யார் வீட்டு மூலையிலும் ஒதுங்கி இருந்தவர் அல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றவர். தாகூரின் அழைப்பில் ஆசிரியர் வேலைக்குப் போனவர். வங்காளத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துச் சிரிக்கும் கதைகளை எழுதியவர். பெயர் லீலா மஜூம்தார். ரேயின் தாத்தா உபேந்திரகிஷோருக்கு உடன்பிறந்த தம்பியான பிரமதாரஞ்சன் ரேயின் மகள். ரேயைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர்.

காடும் மலையும் கதையும்

1908 பிப்ரவரி 26-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தாலும், லீலாவின் குழந்தைப் பருவம் ஷில்லாங் மலையில் கழிந்தது. அப்பா சர்வே ஆஃப் இந்தியாவில் அதிகாரி. அசாம், பர்மா காடுகளில் சங்கிலி போட்டு நிலம் அளந்தவர். அங்கே கண்டதையும் பட்டதையும் பிள்ளைகளுக்கான கட்டுரைகளாக எழுதியவர். தாய்வழித் தாத்தா, மனைவி இறந்த பிறகு பெண் குழந்தைகளைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டுத் துறவியாகிக் கைலாசம் வரை போனவர். ‘ஹிமாரண்யா’ என்று அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். ஊர் சுற்றுவதும், சுற்றியதை எழுதிவைப்பதும் இரண்டு பக்கமும் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது.

பதினோரு வயதில் கல்கத்தாவுக்கு வந்தபோது, பெரியப்பா குடும்பத்தின் கர்பார் சாலை வீடு லீலாவுக்குத் திறந்தது. வீட்டோடு சேர்ந்து அச்சகம். அச்சகத்திலிருந்து மாதாமாதம் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழ். 1913-இல் உபேந்திரகிஷோர் தொடங்கியது. 1915-இல் அவர் இறந்தபின் மகன் சுகுமார் ரே ஆசிரியரானார்.

சுகுமாரைப் படிக்காத வங்காளிக் குழந்தை இல்லை எனலாம். அர்த்தமில்லாதது போல் தோன்றும் சிரிப்புப் பாட்டுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த அண்ணனின் இதழில்தான் 1922-இல் லீலாவின் முதல் கதை வந்தது. படமும் லீலாவே வரைந்தது. தலைப்பு ‘சமர்த்துப் பிள்ளை’. எழுதியவருக்கு வயது பதினான்கு.

அப்போதே சுகுமார் காலா அசார் காய்ச்சலில் படுத்திருந்தார். படுக்கையிலிருந்தபடியே எழுதினார், வரைந்தார். 1923 செப்டம்பர் 10-ஆம் தேதி காலமானார், வயது முப்பத்தைந்துதான். அவருடைய பெயரை நிலைநாட்டிய ‘ஆபோல் தாபோல்’ புத்தகம் வெளிவந்தது ஒன்பது நாள் கழித்து. ஒரே மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டரை வயது நிரம்பவில்லை. சில ஆண்டுகளில் அச்சகம் கடனில் மூழ்கியது, வீடு கைவிட்டுப் போனது, அம்மா குழந்தையோடு தன் சகோதரர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். ‘சந்தேஷ்’ நின்றது, முப்பதுகளில் கொஞ்ச காலம் மூச்சுவிட்டு, மறுபடி நின்றது.

வகுப்பறை பிடித்து வைக்காத வாத்தியார்

லீலா பி.ஏ.விலும் எம்.ஏ.விலும் முதலாவதாக வந்தார். 1931-இல் டார்ஜிலிங்கில் மகாராணி பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். சாந்திநிகேதனுக்கு வரும்படி தாகூரிடமிருந்து அழைப்பு வந்தது, போனார். ஏறக்குறைய ஒரு வருடம்தான் அங்கே. பிறகு கல்கத்தா அசுதோஷ் கல்லூரியின் பெண்கள் பிரிவு. அதுவும் நீடிக்கவில்லை. சம்பளத்துக்குப் பாடம் நடத்திய காலம் அவருடைய நீண்ட வாழ்க்கையில் மிகச் சிறிய பகுதி.

1933-இல் பல் மருத்துவர் சுதிர்குமார் மஜூம்தாரைத் தன் விருப்பப்படி மணந்துகொண்டார். ரே குடும்பம் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்தச் சமய இயக்கத்தைச் சேர்ந்தது. மாப்பிள்ளை இந்துக் குடும்பத்துப் பிள்ளை. காட்டு வழியெல்லாம் கதையாகச் சொன்ன அப்பா, மகளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பிறந்த வீட்டில் மற்றவர்கள் சமாதானமானார்கள். அவர் கடைசிவரை ஆகவில்லை. கணவர் பக்கபலமாக நின்றார். இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே லீலா எழுதினார். 1948-இல் வந்த ‘தின் துபுரே’ தொகுப்போடு வங்காள வாசகர்கள் அவரை முழுதாகக் கண்டுகொண்டார்கள்.

அந்தக் கதைகளில் பெரியவர்கள் சிறியவர்களைத் திருத்துவதில்லை. பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் திருத்தம் தேவைப்படுகிறது. மாமா வாய்கிழியப் பீற்றிக்கொள்வார். ஆபத்து வந்ததும் முதலில் ஒளிவார். பேய்கள் பயமுறுத்துவதைவிட உதவி செய்வதே அதிகம். முடிவில் நீதி என்று கட்டம் கட்டிய வரி இருக்காது. வாத்தியார் வேலையை விட்டவர், கதைக்குள் அந்தப் பிரம்பைத் திரும்ப எடுக்கவே இல்லை.

‘பொதி பிஷியின் பர்மாப் பெட்டி’யில் வரும் பிஷி, அதாவது அத்தை, ஒரு விதவை. காட்டு வழியே மாட்டு வண்டியில் போய், கொள்ளைக்கார உறவினரை மடக்கி, நகைகள் நிறைந்த பர்மியப் பெட்டியோடு வீடு திரும்புகிறாள். வந்து இறங்கியதும் பெட்டியைக் காணோம். பரம்பரையே தேடுகிறது, பெட்டி கிடைப்பது ஒரு சின்னப் பையனுக்கு. வெள்ளைச் சேலை கட்டி ஒடுங்கியிருக்க வேண்டும் என்று சமூகம் சொன்ன பெண்ணை, கொள்ளைக்காரனே நடுங்கும் கதாநாயகியாக்கியதை லீலா எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. குழந்தைகள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். 1972-இல் அருந்ததி தேவி இதைப் படமாக எடுத்தார். சாயா தேவி பிஷியாக நடித்தார்.

‘மாகு’ இன்னொரு விதம். சாவி கொடுத்தால் இயங்கும் மனித பொம்மை அவன். எல்லாம் தெரியும், அழ மட்டும் தெரியாது. அழுகையைத் தேடித் தன்னைச் செய்த கடிகாரக்காரரைத் துரத்துகிறான். காட்டில் அவனைச் சுற்றிச் சர்க்கஸ்காரர்களும், வீட்டைவிட்டு ஓடிவந்த இரண்டு சிறுமிகளும். அழக்கூடாது என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லும் உலகத்தில், அழுகையைப் பெரிய செல்வமாக வைத்துத் தேடவைத்தார்.

வானொலியில் ஒரு பாட்டி

1956-இல் அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையத்தில் தயாரிப்பாளராகச் சேர்ந்து ஏழு வருடம் போல வேலை பார்த்தார். பெண்களுக்கான நிகழ்ச்சியில் அவர் எழுதிய ‘மணிமாலா’ தொடர், ஒரு பாட்டி பேத்திக்கு எழுதும் கடிதங்கள். பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தொடங்கி, அவள் கல்யாணமாகித் தாயாகும்வரை நீளும். நடுத்தர வீட்டுப் பெண் யாரிடமும் கேட்கக் கூசும் விஷயங்களுக்கு அந்தக் கடிதங்களில் இடம் இருந்தது. பின்னாளில், 1979-இல், மகளோடு சேர்ந்து சமையல் புத்தகமும் எழுதினார். அதுவும் வீட்டுக்கு வீடு போனது.

தந்தைக்கும் மகனுக்கும் நடுவே

1961-இல் ரே, கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து ‘சந்தேஷ்’ இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். உலகம் அறிந்த இயக்குநர், தாத்தாவின் சிறுவர் பத்திரிகைக்குக் கதையும் படமும் தயார் செய்ய உட்கார்ந்தார். 1963-இல் அத்தையும் இணை ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு ரேயின் இன்னொரு அத்தையின் மகள், கல்விப்பணியில் இருந்த நளினி தாஸும் சேர, மூவர் பெயரும் ஆசிரியர்களாக வந்தன. பேராசிரியர் ஷொங்குவும் துப்பறியும் ஃபெலூடாவும் பிறந்தது இந்த இதழின் பக்கங்களில்தான். பத்திரிகைக்குக் கதை வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ரே என்ற சிறுவர் எழுத்தாளர் உருவாகியிருப்பாரா என்பது சந்தேகமே.

லீலா சேர்ந்ததில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ரேக்கு அப்பா என்பவர் புத்தகமும் ஓவியமும் பிறர் சொன்ன பேச்சும்தான். லீலாவுக்கு அவர் ரத்தமும் சதையுமான பெரிய அண்ணன். அவர் எப்படிச் சிரிப்பார், கர்பார் வீட்டில் இதழ் எப்படித் தயாராகும் என்று கூட இருந்து பார்த்தவர். உபேந்திரகிஷோர், சுகுமார் இருவரைப் பற்றியும் புத்தகம் எழுதினார்; ‘பாக்தண்டி’ என்ற தன் வரலாற்றிலும் அந்த வீட்டை மீண்டும் எழுப்பிக்காட்டினார். அப்பா பதிப்பித்த சிறுமி, நாற்பது ஆண்டு கழித்து மகனோடு அதே இதழை நடத்தினார். பரம்பரையைத் தாத்தா, மகன், பேரன் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ரே குடும்பத்தில் நடுக்கண்ணி அறுந்துபோனபோது, நூலைப் பிடித்துக்கொண்டு நின்றது அத்தைதான்.

1992-இல் ரே போனார். அதன்பிறகும் இரண்டு வருடம், 1994 வரை, லீலா ஆசிரியராக நீடித்தார். உடல் தளர்ந்தபின் ஒதுங்கினார். ரவீந்திர புரஸ்கார், சங்கீத நாடக அகாடமி விருது எனப் பல கௌரவங்கள் வந்து சேர்ந்தன. 2007 ஏப்ரல் 5-ஆம் தேதி, தொண்ணூற்றொன்பது வயதில், கொல்கத்தாவில் மறைந்தார்.

பெரிய மனிதர்களின் வரலாற்றில் அம்மாவுக்கு ஓர் அத்தியாயமும் மனைவிக்கு ஒரு பத்தியும் கிடைக்கும். அத்தைகள் குடும்பப் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்பதோடு சரி. அம்மாவுக்குக் கண்டிக்கும் கடமை உண்டு. ஆசிரியைக்கு மார்க் போடும் கடமை உண்டு. அத்தைக்கு இரண்டும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை ஒரு மொழியின் குழந்தைகள் அத்தனை பேருக்கும் பயன்படுத்தினார் லீலா மஜூம்தார். அவருடைய கதைகள் சில ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ரேயின் படங்களை விழா எடுத்துப் பார்க்கும் நாம், அடுத்த முறை பொதி பிஷியிலிருந்தும் தொடங்கலாம்.