வயர் மெலிந்தால் மோட்டார் எரியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லைச் சீமை வணிகர்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன் பகுதியிலும் கொக்கிரகுளத்திலும் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கிட்டங்கியில் நின்ற நீரை இறைக்க மோட்டார் வேண்டியிருந்தது. பிளக் பாயிண்ட் கடை முகப்பில் இருக்கும். தண்ணீரோ பின்கட்டில் நிற்கும். இப்படிப்பட்ட அவசரத்தில் டேபிள் ஃபேன் வயரையாவது இழுத்து மாட்டிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். இதில்தான் ஆபத்து இருக்கிறது.

வயர் என்பது தண்ணீர்க் குழாய் போன்றது. குழாய் ஒடுங்கினாலும் நீண்டாலும் மறுமுனையில் வேகம் குறைகிறது அல்லவா? மின்சாரமும் அப்படியே. 30 மீட்டர் வயரில் மின்சாரம் போகவும் வரவும் 60 மீட்டர் ஓடுகிறது. 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை 0.75 ஸ்கொயர் எம்.எம். வயரில் ஓட்டினால் வழியிலேயே சுமார் 15 வோல்ட் போய்விடும். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 5 வோல்ட்டுக்குள் நிற்கும். மழைக்காலத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டார் திணறும், கூடுதல் கரண்டை இழுக்கும், காயில் கருகும். வயரும் சூடேறும். பக்கத்தில் சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

எதற்கு எந்த வயர்? செம்புக் கம்பிக்கான கணக்கு இது:

பல்பு, மின் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர்: 10 மீட்டர் வரை 1 ஸ்கொயர் எம்.எம். போதும்.

டிரில்லிங் மெஷின், அறுப்பு மெஷின், 1 குதிரைத்திறன் மோட்டார்: 10 மீட்டருக்கு 1.5, 30 மீட்டருக்கு 2.5.

15 ஆம்பியர் வரை இழுக்கும் பெரிய மெஷின்: 10 மீட்டருக்கு 2.5, 30 மீட்டருக்கு 4.

பழைய கேஜ் கணக்கில் எண் கூடினால் கம்பி மெலியும், ஸ்கொயர் எம்.எம். கணக்கில் எண் கூடினால் கம்பி பருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்தே வாங்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் விலை மலிவு. ஆனால் அதே பருமனில் செம்பு தாங்கும் கரண்டை அது தாங்காது.

வயர் சரியாக இருந்தாலும் சுருளாகச் சுற்றிய நிலையில் மோட்டார் ஓட்டக் கூடாது. உள்ளே சூடு அடைபட்டு உறை உருகும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஈரத்தில் எமன். எர்த் கம்பியோடு கூடிய மூன்று கம்பி வயரே வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைக் கடை மெயினில் பொருத்திக்கொள்வது உயிர்காப்பு. ஃப்ரீசர் போன்று நாள் முழுவதும் ஓடுவதற்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம்; எலெக்ட்ரீஷியனை அழைத்துத் தனிப் பாயிண்ட் போட்டுக்கொள்வோம்.

வயரில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது நாம். ஈரத்தரையில் நின்று மோட்டாரைத் தூக்குவதோ நம்மை நம்பி வேலைக்கு வந்த கடைப் பையன். ஐப்பசி பிறக்கும் முன்பே நம் கடை வயர்களை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவோம், வணிக அன்பர்களே!