பத்து மணிக்கு மேல் சத்தம் என்றால் யாரிடம் சொல்வது?

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல எல்லோருக்கும் ஒரு தயக்கம் உண்டு. பட்டாசை நம்பிப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு, வெடிச் சத்தம் தாங்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த வீட்டுக்காரர் வெடி கட்டுகிறவர், எதிர் வீட்டுக்காரர் கடை வைத்திருப்பவர். சொன்னால் தொழிலுக்கு எதிரி என்று பேர் வந்துவிடும்.

ஆனால் இந்த வட்டாரத்தில்தான் இரவுத் தூக்கம் மற்ற ஊர்களைவிட அதிகம் வேண்டும். விடியற்காலையில் பட்டாசு ஆபீஸ் வேன் தெருமுனைக்கு வந்துவிடும். அதில் ஏறிப் போகிறவர்களில் ஒருவர் கலவை அறையில் மருந்து கலப்பார், இன்னொருவர் குழாயில் மருந்து செலுத்துவார். கொஞ்சம் அழுத்திவிட்டால், கொஞ்சம் உரசிவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரவு 1 மணி வரை கூம்பு ஒலிபெருக்கி அலறிய தெருவிலிருந்து அந்தக் கை வேலைக்குப் போகக் கூடாது. தூக்கத்துக்காகப் புகார் சொல்கிறவர் தொழிலுக்கு எதிரி ஆகமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே அளவு இன்னும் 5 டெசிபல் குறைவு. ஓசை எழுப்பும் வெடியை அந்த மண்டலத்தில் எந்த நேரத்திலும் வெடிக்கக் கூடாது.

கல்யாணமோ காதுகுத்தோ கோயில் பொங்கலோ, ஒலிபெருக்கி கட்ட எழுத்து மூலமான அனுமதி வேண்டும். “ஸ்டேஷனில் பர்மிஷன் வாங்கியாச்சு” என்று மைக் செட்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த அனுமதியும் 10 மணியைத் தாண்டாது. பண்டிகை, திருவிழாக்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். 12 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு எந்தத் தளர்வும் கிடையாது, சாமிக்கானாலும் கட்சிக்கானாலும்.

இந்த விதிகளை நாடு முழுக்க இறுக்கிப் பிடித்தது 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அந்த வழக்கின் தொடக்கம் நெஞ்சை அறுப்பது. வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், பக்கத்தில் ஒலித்த ஒலிபெருக்கி இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. 1998 ஜனவரியில் நாளிதழில் வந்த அந்தச் செய்தியைப் படித்த ஒரு பொறியாளர்தான் வழக்குப் போட்டார். ஓசை எழுப்பும் வெடிகளை இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. மத்தாப்பு, பூச்சட்டி போல வெளிச்சம் மட்டும் தருபவற்றுக்கு அந்த நேரத் தடையை அது விதிக்கவில்லை.

வெடியின் சத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல்தான் குறையும். 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107. அதாவது விதிப்படி செய்த நல்ல வெடியே நாலைந்து வீடு தள்ளித் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு நூறு டெசிபலுக்கு மேல் கேட்கும். இருபுறமும் சுவர் நெருக்கிய சந்தில் அது எதிரொலித்து இன்னும் கூடும். வெடி சட்டப்படியானதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்றும் சட்டம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தது. தீபாவளிக்கு இரண்டே மணி நேரம் என்றதும் அதே தீர்ப்புதான். அந்த இரண்டு மணி நேரத்தைத் தமிழ்நாடு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. நம் ஊரில் தீபாவளி விடியலில்தானே பிறக்கிறது.

கேத வீட்டு ஊர்வலத்தில் போடும் வெடியைப் பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். துக்கத்துக்கென்று விதியில் தனி விலக்கு ஏதும் இல்லை. மருத்துவமனை வாசலைக் கடக்கும்போது வெடியை நிறுத்தச் சொல்வது இறந்தவரை அவமதிப்பதாகாது. உள்ளே படுத்திருப்பவரும் ஒருவருடைய அப்பாதான்.

இனி புகார். டெசிபல் மீட்டர் இல்லாமல் எப்படிப் புகார் தருவது என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பகலில், அனுமதித்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் தரலாம் என்கிறது விதி. அதை அளந்து பார்ப்பது அதிகாரியின் வேலை. இரவுக் கட்டுப்பாட்டை மீறினாலோ அளவே தேவையில்லை. 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி ஓடுகிறது, வெடி வெடிக்கிறது என்பதே மீறல். உங்களிடம் கடிகாரம் இருந்தால் போதும்.

இரவில் சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே 100 அல்லது 112க்கு அழையுங்கள். மறுநாள் சொன்னால் போலீஸ் வந்து பார்க்க ஒன்றும் இருக்காது. “ரொம்பச் சத்தம் சார்” என்று நிறுத்தாமல் இப்படிச் சொல்லுங்கள்: “மணி 11.20. இந்தத் தெருவில், இந்தக் கோயிலுக்கு எதிரே, நான்கு கூம்பு ஒலிபெருக்கி ஓடுகிறது. 10 மணிக்கு மேலும் நிறுத்தவில்லை. அடுத்த வீட்டில் நோயாளி இருக்கிறார்.” பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். முடிந்தால் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள்.

அடிக்கடி நடக்கிறதென்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அங்கே அசையாவிட்டால் டி.எஸ்.பி. அலுவலகம், அதற்கும் மேல் விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். தினமும் ஓடும் பட்டறை, ஜெனரேட்டர் இரைச்சல் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். தீராத தொல்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்; குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில், தொல்லையை நிறுத்த உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

அதற்கெல்லாம் முன்னால், பகலில் ஒரு தடவை விழாக் கமிட்டிக்காரரைப் போய்ப் பாருங்கள். “அண்ணாச்சி, பத்து மணிக்கு செட்டை நிறுத்திருங்க, காலையில பிள்ளைக வேலைக்குப் போகணும்” என்று சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் மணியைக் குறித்துக்கொண்டு 100க்கு அழையுங்கள்.