மறந்த உலகம் மீண்டும் கேட்ட பாட்டு

கலைஞனுக்குப் புகழ் வருவது ஒன்று. அது உரிய காலத்தில் வருவது வேறொன்று. மூன்றே ஆண்டுகள் நிலைத்துக் கலைந்துபோன 'கோமஸ்' என்னும் ஆங்கில இசைக்குழுவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

லண்டனின் புறநகரான புரொம்லியிலிருந்த றேவன்ஸ்போர்ன் ஓவியக் கல்லூரியிற் பயின்ற றொஜர் வூட்டன், கிளென் கோரிங் என்னும் மாணவர் இருவர் 1969 ஆம் ஆண்டில் இக்குழுவைத் தொடங்கினர். அயலூரான பெக்கனத்தில் டேவிட் போவி முன்னின்று நடத்திய கலைக்கூடம் இவர்களது ஆரம்ப மேடைகளுள் ஒன்று. மகாகவி மில்டன் இயற்றி, 1634 இல் லட்லோ கோட்டையில் நடிக்கப்பெற்ற நாடகத்திலே, வழிதவறிய கன்னியொருத்தியைக் காட்டில் மயக்க முயலும் மாயாவியின் பெயரே கோமஸ். அப்பெயரையே இவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

றொக் இசை நெடிய, சிக்கலான வடிவங்களை நாடிய காலம் அது. ஏனைய குழுக்கள் மின்சாரக் கிதாரின் முழக்கத்தையும் பெரிய முரசுகளையும் நம்பியிருக்க, இவர்களோ மரக் கிதார், வயலின், புல்லாங்குழல், ஓபோ, சிறு கைமுரசு ஆகியவற்றைக் கொண்டே கேட்போரை நடுங்கவைத்தனர். பாடுபொருளும் இனிமையானதன்று. மனநோய் மருத்துவமனையில் அடைபட்ட ஒருவனின் அவலத்தை ஒரு பாடல் அவன் வாய்மொழியாகவே கூறும். வூட்டனின் கரகரத்த குரலுடன் பொபி வொட்சன் என்னும் பெண்மணியின் மெல்லிய குரல் இணையும்போது அச்சம் இரட்டிக்கும்.

'பேர்ஸ்ற் அற்றரன்ஸ்', அதாவது 'முதல் வாக்கு', என்னும் இசைத்தட்டு 1971 பெப்ரவரியில் வெளிவந்தது. பிரித்தானியாவில் அப்போது ஏழு வாரத் தபால் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. விளம்பரமும் விற்பனையும் தடைப்பட்டன. ஆயினும் பழி முழுவதையும் தபாற்காரர் மீது சுமத்தல் தகாது. அவ்விருண்ட இசையை ஏற்கும் மனநிலை அன்று பலருக்கு இருக்கவில்லை. 1972 இல் குழு கலைந்தது. சிலர் மீண்டுங் கூடி 1974 இல் வெளியிட்ட இரண்டாவது தட்டு முன்னதைவிட மென்மையானது, அதுவும் எடுபடவில்லை.

அன்று கேட்போரை விலகச் செய்த அந்த இருளே பிற்காலத்தில் வேறு சிலரை ஈர்த்தது. இசைத்தட்டுச் சேகரிப்போர் முதற்றட்டைப் பெருவிலை கொடுத்து வாங்கலாயினர். 'ஓபெத்' என்னும் சுவீடிஷ் குழுவின் தலைவர் மிக்கேல் ஒக்கர்பெல்ட், தமது 1998 ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்குக் கோமஸ் பாடலொன்றிலிருந்தே பெயர் எடுத்தார். கோமஸ் கலைந்து ஈராண்டு சென்றபின் பிறந்தவர் அவர்!

2008 இல் சுவீடனின் கப்பல் இசைவிழா ஒன்றிற்கு அழைப்பு வந்தது. பழைய உறுப்பினர் அறுவருள் ஐவர் முதுமையை எட்டும் பருவத்தில் மீண்டும் மேடையேறினர். 2012 இல் புதிய தொகுப்பொன்றும் தந்தனர். 'நீண்ட மயக்கத்திலிருந்து மீண்டு' எனப் பொருள்படும் அதன் பெயர் அவர்களுக்கு எத்துணைப் பொருத்தம்! ஊராரை மகிழ்விக்கவெனத் தம் முதற்றட்டை இவர்கள் மென்மையாக்கியிருந்தால், அதைத் தேடி அயல்நாட்டார் வந்திருப்பாரோ என்பதைக் கலை பயிலும் இளைஞர் எண்ணிப் பார்த்தல் நன்று.