பழைய காருக்குப் புதிய பிரேக் தட்டு: தோற்றமா, தரமா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எமது வீதிகளில் ஓடிய கார்கள் யாவும் ஐந்து வயது மூப்படைந்து விட்டன. புதிய வாகனம் பலருக்கு எட்டாக்கனியாக உள்ள நிலையில், இருப்பதைப் பேணிப் பாவிப்பதே அவர்களுக்கு எஞ்சியுள்ள வழியாகும். தொண்ணூறுகளில் தயாரான சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நாளாந்தம் வேலைக்குச் சென்றுவரப் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். அத்தகைய காரில் எதைப் பிற்போட்டாலும், தேய்ந்துபோன பிரேக் தட்டை மாற்றுவதை மாத்திரம் பிற்போட முடியாது.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் ஓர் ஏற்பாடே அன்றி வேறில்லை. வேகம் இரு மடங்கானால் உருவாகும் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரு தொன் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது ஏறக்குறைய 386 கிலோஜூல் சக்தி வெப்பமாகின்றது. அதே கார் நுவரெலியாவிலிருந்து கம்பளை நோக்கி இறங்கும்போது, உயரம் 1,000 மீற்றர் குறைவதால் மாத்திரம் அதனைப் போன்று சுமார் 25 மடங்கு சக்தி வெளிப்படுகின்றது. இதில் ஒரு பகுதியை இயந்திரமும் காற்றின் தடையும் ஏற்றுக்கொண்டாலும், எஞ்சியதைத் தாங்க வேண்டியது வார்ப்பிரும்புத் தட்டுகளே. தட்டு மெலிந்திருந்தால், அவ்வெப்பத்தை ஏற்க அதனிடம் போதிய இரும்பு இருப்பதில்லை.

எனவே முதலில் நோக்க வேண்டியது தடிப்பாகும். குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பது பெரும்பாலான தட்டுகளின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். புதிய தட்டுக்கும் இவ்வெல்லைக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் சுமார் 2 மில்லிமீற்றரே ஆகும். கண்ணளவில் நன்றாக உள்ளது என்ற முடிவு இங்கு செல்லாது. மைக்ரோமீற்றரால் அளந்தே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து எழுவது எவ்வகைத் தட்டை வாங்குவது என்ற கேள்வி. துளையிட்ட தட்டுகள் சக்கரத்தினூடே பார்ப்பதற்கு அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. மழையில் நீர் அகலவும் அவை ஓரளவு உதவும். ஆயினும் சாதாரண தட்டில் பின்னர் துளையிட்டு விற்கப்படும் மலிவான பொருட்களில், வெப்பம் ஏறி இறங்கும்போது துளைகளின் ஓரங்களிலிருந்தே வெடிப்புகள் ஆரம்பிக்கின்றன. கோடு வெட்டிய தட்டுகள் உராய்வுக் கட்டைகளின் மேற்பரப்பைச் சுத்தமாக வைத்திருப்பினும் அவற்றை விரைவாகத் தேய்ப்பதுடன் ஒலியும் எழுப்பும். பந்தயத் திடலுக்குச் செல்லாத, நாளாந்தப் பாவனைக்குரிய காருக்கு, காற்று இடைவெளி கொண்ட தரமான சாதாரண தட்டே மிகப் பொருத்தமானது என்பது எமது கருத்தாகும்.

அளவிலும் அவதானம் தேவை. 1989இல் அறிமுகமான மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் 1.6 லீற்றர் காரின் முன் தட்டு 235 மில்லிமீற்றர் விட்டமுடையது. பின்னர் வந்த 1.8 லீற்றர் காரில் அது 255 மில்லிமீற்றராகும். தோற்றத்தில் ஒன்றேயாயினும் ஒன்றின் தட்டு மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடுவோர் காரின் பெயரை மாத்திரம் கூறாது, செசி இலக்கத்தையும் கழற்றிய பழைய தட்டையும் கையில் கொண்டு செல்வது நன்று. ஐக்கிய நாடுகளின் 90ஆம் இலக்க ஒழுங்குவிதிக்கமைய அங்கீகாரம் பெற்ற தட்டுகளில் வட்டத்தினுள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து காணப்படும். இதுவும் நோக்கத்தக்கதொரு சான்றாகும். பிறிதொரு காரிலிருந்து கழற்றப்பட்ட, முன்னர் எவ்வளவு சூடேறியது என்று தெரியாத தட்டை வாங்குவது சிக்கனமன்று.

நல்ல தட்டும் தவறாகப் பூட்டப்பட்டால் பயனற்றதாகிவிடும். பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் நடுக்கத்துக்குத் தட்டு வளைந்துவிட்டதே காரணம் எனக் கராஜ்களில் கூறப்படுவதுண்டு. உண்மையில் பல வேளைகளில் மேற்பரப்பில் சீரற்றுப் படிந்த உராய்வுப் பொருளோ, சக்கர மையத்தில் அகற்றப்படாத துருவோ தான் காரணமாகின்றது. ஆகவே துருவைச் சுரண்டி அகற்றி, புதிய தட்டிலுள்ள எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து, ஒரே அச்சின் இரு புறத்தையும் ஒன்றாகவே மாற்றுதல் வேண்டும். உராய்வுக் கட்டைகளும் புதியனவாக இருத்தல் அவசியம். சக்கரச் சுரைகளை அளவுக்கு மீறி இறுக்காது, குறித்த அளவுக்கே இறுக்க வேண்டும். முதல் சில நாட்களில் திடீரென நிறுத்துவதைத் தவிர்த்து, மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகப் பிரேக் பிடித்துப் பழக்குவதும் இன்றியமையாதது.

பிரேக் எண்ணெயையும் மறத்தலாகாது. புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும் டொட் 4 எண்ணெய், ஈரத்தை உறிஞ்சிய பின்னர் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். எமது ஈரலிப்பான காலநிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று.

காரை அழகுபடுத்தும் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இறக்கமொன்றில் மிதி தரைவரை செல்லும் கணத்தில், தட்டில் எத்தனை துளைகள் இருந்தன என்பதை எவரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அக்காரில் இருப்பவர்களும் எதிரே வீதியைக் கடப்பவர்களும் நம்பியிருப்பது தோற்றத்தையன்று. தடிப்பையும் தரத்தையுமே என்பதை வாகன உரிமையாளர்கள் மனதிற் கொள்ள வேண்டும்.