இரைச்சலுக்குள் ஓர் இறைஞ்சல்

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் முதன்முறையாக நடந்து செல்லும் வெளியூரார்க்குத் தறிகளின் ஓசை வெறும் இரைச்சலாகவே படும். தறிக்குழியில் கால்வைத்து வளர்ந்தவர்க்கோ அது நன்கு பழகிய மொழி. நாடா ஓடும் ஒலியும் பலகை அடிக்கும் ஒலியும் மாறி மாறி வரும் ஒழுங்கில் சிறு பிசகு நேர்ந்தாலும், ஏதோ கோளாறு என்று அவர் செவி அவருக்கு உணர்த்திவிடும். ஓசை ஒன்றுதான், கேட்கின்ற செவிகள்தாம் வேறு.

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் இடையே நிலவுவது இத்தகைய வேறுபாடே. கல்லூரியிலிருந்து திரும்பும் மகன் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு அறைக்குள் அமர்ந்துவிடுகிறான். கதவிடுக்கின் வழியே இடியும் உறுமலும் கலந்த ஓர் ஓசை கசிகின்றது. “இதுவும் ஒரு பாட்டா?” என்று தந்தை சினக்கிறார். “உங்களுக்கு இது புரியாது” என்று மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அத்துடன் உரையாடல் முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்த ஓசைக்குள் இருப்பதுதான் என்ன? ‘மெட்டல்’ எனப்படும் இவ்விசை வகையில் நம் நாட்டு இளைஞர்கள் படைத்த ஓர் இசைத்தொகுப்பைச் சான்றாகக் கொண்டு இதனைச் சற்றே ஆராய்வோம்.

தலைநகர் தில்லியில் 2016-ஆம் ஆண்டளவில் தோன்றியது ‘பிளடிவுட்’ என்னும் குழு. வழக்குரைஞர் பணியை விட்டு இசைக்கு வந்த கரண் கட்டியார், பாடகர் ஜெயந்த் பதூலா ஆகிய இருவரும் இந்தித் திரைப்பாடல்களை முரட்டு மெட்டல் இசையில் கேலியாகப் பாடி இணையத்தில் வெளியிட்டு வந்தனர். ‘பாலிவுட்’ என்பதைத் திரித்து அமைத்த குழுவின் பெயரும் அந்தக் கேலியின் விளைவே. பின்னர், ராப் எனப்படும் சந்தப் பேச்சில் வல்ல ராவுல் கெர் அவர்களோடு இணைந்தார். விளையாட்டாய்த் தொடங்கியது வினையுள்ள பணியாக மாறியது. 2019-இல் ஜெர்மனி நாட்டின் வாக்கன் என்னும் சிற்றூரில் நடைபெறும் உலகப் புகழ்பெற்ற மெட்டல் விழாவில் அவர்கள் மேடையேறினர். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், எந்தப் பெரிய நிறுவனத்தின் துணையுமின்றித் தாங்களே வெளியிட்ட முதல் தனிப்படைப்புத் தொகுப்புக்கு ‘ரக்ஷக்’ என்று பெயரிட்டனர். அதில் பத்துப் பாடல்கள் உள்ளன.

ரக்ஷக் என்றால் காப்பவன். நம் முன்னோர் தம் செபங்களில் ‘இரட்சகர்’ என்று அழைத்தார்களே, அச்சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. முரட்டு ஓசைக்கு இப்படியொரு பெயரா என்று வியக்கிறீர்களா? வியப்பு நீங்க வேண்டுமாயின் இவ்விசை பிறந்த இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆலைகள் நிறைந்த நகரம். அங்கே 1965-இல் டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றினார். வேலையை விட்டு நிற்பதாக இருந்த கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலக்கையின் இரு விரல்களின் நுனிகள் அற்றுப்போயின. இடக்கைப் பழக்கமுடைய அவர் கிதார் தந்திகளை அழுத்துவதற்குப் பயன்படுத்தியவை அவ்விரல்களே. இனி வாசிக்க இயலாது என்று மனமுடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவிபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் மேதையாகத் திகழ்ந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் கிதார் இசை அது. அயோமி மீண்டெழுந்தார். நெகிழிப் புட்டியை உருக்கித் தம் விரல்நுனிகளுக்குத் தாமே உறை செய்துகொண்டார். இறுக்கமான தந்திகள் விரலை வருத்தியமையால் மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். தாழ்ந்த சுருதியின் அந்தக் கனத்த, இருண்ட ஒலியே உலகெங்கும் பரவிய மெட்டல் இசைக்கு அடித்தளமாயிற்று. ‘பிளாக் சபாத்’ என்னும் அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. ஆக, இவ்விசை ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்ததாகும். பர்மிங்காம் பேராலயத்திற்கென 2017-இல் திருப்பாடல் 133-ஐத் தழுவிய பாடல் ஒன்றுக்கு இசையமைத்தவரும் இதே அயோமிதான். சகோதரர் ஒருமித்து வாழும் இன்பத்தைப் போற்றுகின்ற திருப்பாடல் அது என்பதை வாசகர் அறிவர்.

இனி ‘ரக்ஷக்’ தொகுப்பின் கலவையைக் காண்போம். பாவும் ஊடையும் இன்றிப் பட்டு இல்லை. இத்தொகுப்பின் பாவு, மின்கிதாரின் கனத்த ஒலி. ஒலிபெருக்கியின் தாங்கும் ஆற்றலுக்கு மேல் ஒலியைச் செலுத்தினால் அலை நெரிந்து, கரகரப்பான பல துணை ஒலிகள் பிறக்கின்றன. அந்நிலையில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டினால் குழப்பமே மிஞ்சும். எனவே மெட்டல் கலைஞர் பெரும்பாலும் ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டுமே இணைத்து மீட்டுவர். நம் தம்புராவில் இடைவிடாது ஒலிக்கும் அதே ‘ச’வும் ‘ப’வும்தாம் அவை! இந்திய மெட்டும் இந்த இசையும் ஒன்றையொன்று எளிதில் தழுவிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஊடையாக வருபவை புல்லாங்குழலும் பஞ்சாபின் டோல் முரசும். நம் தவிலை ஒருபுறம் கோலாலும் மறுபுறம் கூடுகள் மாட்டிய விரல்களாலும் வாசிப்பர். டோல் முரசிலோ ஒருபுறம் வளைந்த கனத்த கோல். மறுபுறம் மெல்லிய பிரம்பு. அறுவடை விழாவிலும் திருமண ஊர்வலத்திலும் முழங்கிய அந்த முரசு, கிதாரின் இடியோடு தோளோடு தோள் நிற்கின்றது. இந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் என மும்மொழிகளும் கலந்து வருகின்றன.

இப்படிக் கலப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். தனித்தனி நாடாக்கள் இரண்டையும் நெய்ய, இழைகள் சந்திக்குமிடத்தில் பிணைப்பு சரியாக விழாவிட்டால் கரை பிரிந்து நிற்கும். இசைக் கலவையிலும் அவ்வாறே, மேல்நாட்டுப் பாட்டின் நடுவே புல்லாங்குழலைப் பூச்சாகத் தடவி ஏமாற்றுவோர் பலர். ‘ரக்ஷக்’கின் சிறந்த பாடல்களில் குழலோ முரசோ அலங்காரமாக நிற்கவில்லை, பாட்டின் நடையையே அவை நிர்ணயிக்கின்றன. எனினும், தொகுப்பு முழுவதும் ஒரே உச்ச வேகத்தில் செல்வதால் நடுவில் செவி சோர்வடைவதும் உண்டு. அமைதிக்கு இன்னும் சிறிது இடம் தந்திருக்கலாம்.

அந்த உறுமல் எதற்கு என்று கேட்பவர்க்கு நம் வட்டாரத்திலேயே விடை உண்டு. செய்யாற்றை அடுத்த புரிசை முதலாகப் பல ஊர்களில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தைக் காணாதவர் யார்? துரியோதனன் வேடமிட்டவர் முழங்கும்போது அவர் நம்மீது சினம் கொண்டதாக எவரும் எண்ணுவதில்லை. பெருந்துயரைச் சிறுகுரலில் சொல்ல இயலாது என்பது கூத்தின் இலக்கணம். ஜெயந்த் பதூலாவின் உறுமலும் அத்தகையதே. இடையிடையே ராவுல் கெர் வந்து நாட்டு நடப்பைச் சந்தத்தோடு பேசிச் செல்வது, கட்டியங்காரனின் வேலையை நினைவூட்டுகின்றது.

பாடல்கள் பேசும் பொருளைக் கேட்டால் பெற்றோர் வியப்பர். ‘கத்தார்’, அதாவது துரோகி என்னும் பாடல், வெறுப்பை விதைத்து மக்களைப் பிரிக்கும் அரசியலைக் கண்டிக்கின்றது. ‘தனா தன்’ பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு எதிரான சீற்றம். ‘எண்டியூரண்ட்’ வலியோரின் சீண்டலுக்கும் கேலிக்கும் ஆளாகும் பிள்ளையின் பக்கம் நின்று பேசுகின்றது. ‘யாத்’ இழந்தவரின் நினைவைப் பற்றியது. ‘வாழ்ந்திரு, சகோதரா’ என்று பொருள்படும் ‘ஜீ வீரே’ மனச்சோர்வில் ஆழ்ந்த இளைஞனை நோக்கி நீட்டிய கை. இப்பாடல் 2018-இல் தனியாக முதலில் வெளிவந்தபோது, இக்குழுவினர் மனநல ஆலோசனைக்குத் தாங்களே பணம் செலுத்தி, தேவைப்பட்ட இரசிகர்கள் இணையவழி ஆலோசனை பெற வழி செய்தனர். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் வாயில்லா உயிர்களைப் பேணும் ஓர் அமைப்புக்கு ஆம்புலன்ஸ் வண்டியும் வாங்கி அளித்தனர். பாட்டில் சொன்னதைக் கையால் செய்தும் காட்டினர்.

ஆயினும் யாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பதில்லை. இத்தொகுப்பில் வீட்டுக் கூடத்தில் ஒலிக்கத் தகாத கொச்சைச் சொற்களும் உள்ளன. அநீதியின்மீது கொள்ளும் சினம் நியாயமானது. ஆனால் சில வரிகளில் அச்சினம் பழிவாங்கும் வெறியாகவும் ஒலிக்கின்றது. மன்னிப்பைக் கற்றுத்தரும் இல்லங்களில் இதைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசியே ஆகவேண்டும். செவியின் நலமும் கருதத்தக்கது. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஒலி கூடக்கூடக் கேட்கும் நேரம் குறைய வேண்டும்.

புதிய ஓசையைக் கண்டு பெரியோர் அஞ்சுவது நேற்று இன்று ஏற்பட்டதன்று. இன்று கருநாடக இசைக்கு இன்றியமையாத வயலின், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்ததாகும். நம் ஆலயங்களில் தலைமுறைகளாக ஒலிக்கும் ஆர்மோனியத்தை, நம் இசைக்கு ஒவ்வாதது என்று கூறி 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி விலக்கியே வைத்திருந்தது. திருச்சபையும் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சங்க ஏட்டில், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று கற்பித்தது. அதற்காக மெட்டல் இசையைத் திருப்பலியில் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதல்ல நம் கருத்து. தறிக்கு உரியது தறி. பீடத்திற்கு உரியது பீடம். பழகாத ஓசை என்னும் ஒரே காரணத்திற்காக அதைத் தீயது என்று தள்ளுதல் தகாது என்பதே நாம் சொல்ல விழைவது.

இதே குழுவினர் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘நு டெல்லி’ என்னும் அடுத்த தொகுப்பை வெளியிட்டனர். அதில் ‘தட்கா’, அதாவது தாளிப்பு என்று பெயரிட்டு நம் நாட்டு உணவைப் போற்றும் பாடலும் ஒன்று. சினந்தவர்களே சிரிக்கவும் கற்றுக்கொண்டனர் போலும்!

பெற்றோரே, நம் பிள்ளைகள் தம் துயரைத் தாமே நம்மிடம் சொல்லத் தயங்கும்போது, அவர்கள் விரும்பிக் கேட்கும் பாடல் அதைச் சொல்லக்கூடும். பள்ளியில் அடிபட்டவன் ‘எண்டியூரண்ட்’ பாடலையே திரும்பத் திரும்பக் கேட்கலாம். வாழ்வில் சலித்தவன் ‘ஜீ வீரே’ பாடலில் ஆறுதல் தேடலாம். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, தனிமை நாட்டம் ஆகியவையும் சேர்ந்து தென்படுமாயின் காலம் தாழ்த்தாது மருத்துவரை அணுகுங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணாகிய 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இளைஞர்களே, “உங்களுக்குப் புரியாது” என்று கதவைச் சாத்திவிடுவது எளிது. ஒரு பாடலின் பொருளை அமர்ந்து விளக்கிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் தந்தையும் தம் வயதில் இப்படி ஏதோவொரு பாட்டுக்காக ஏச்சு வாங்கியவராகவே இருப்பார். பெற்றோரே, “ஒலியைக் குறை” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், “இந்தப் பாட்டு என்ன சொல்கிறது?” என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.