சிவப்பு மாத்திரையும் சாயங்கால டீயும்

கர்ப்பிணி வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது மாத்திரை அட்டையைத்தான். பாதி பிரிக்காமலே கிடக்கும். "மலம் கறுப்பா போகுதுக்கா, பயமா இருக்கு" என்பார்கள். உடம்பில் சேராத இரும்பு அப்படித்தான் வெளியேறும், பயம் வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடலாம்.

கிராம சுகாதாரச் செவிலியர்கள் நாங்கள் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதை டீயோடு விழுங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் தனி வேளைக்குத் தள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையின் இரும்பில் சொற்பமே உடம்பில் ஒட்டும். பொரியலில் எலுமிச்சை பிழியுங்கள். கறி சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஆட்டுச் சுவரொட்டியை நன்றாக வேகவைத்து மிளகு போட்டு வறுத்துக் கொடுங்கள். அந்த இரும்பு சுலபமாகச் சேரும். பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7-க்கும் கீழே போனால் வீட்டு வைத்தியம் பேசாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவு ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும்.